இன்னொருவரின் இலக்கம்

கொன்ஸ்ரன்ரைனுடைய மொறிஸ் மைனர் காருக்கு உடம்பு அவிசாவளையிலிருந்து வந்தது. பெயர் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது. ஒன்றையொன்று முன்பின் கண்டிராத இரண்டையும் சேர்த்துவைத்தவர் அவர். இந்த விசயம் மனைவி மெற்றில்டாவுக்கும் வெள்ளவத்தைச் சிநேகிதர் ஸமீமுக்கும் மட்டுமே தெரியும்.

கொட்டாஞ்சேனை ஆள். கப்பல் முகவர் கம்பனி ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். குடி இல்லை, சீட்டு இல்லை, ஊர்வம்பு இல்லை. பழைய காரைக் கண்டால் மட்டும் மனிதர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். வீதியோரம் ஒரு ஹில்மன் நின்றால் போதும், உடுத்திருப்பது பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டை என்பதையும் மறந்து, முழங்காலில் குந்தி அடித்தட்டில் கறள் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்.

"என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு இவர் இவ்வளவு வடிவாப் பார்க்கேல்லை" என்று மெற்றில்டா வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

"பார்த்திருந்தா வேற முடிவு எடுத்திருப்பன்" என்பார் இவர்.

கலியாணம் கட்டிய வருடம் ஒரு பழைய பியற் கார் வாங்கினார். அதை விற்று ஹில்மன். அதை விற்று ஒஸ்ரின். ஒன்று வெளியே போனால்தான் மற்றது உள்ளே வரலாம் என்பது மெற்றில்டா போட்ட சட்டம். ஜம்பட்டா வீதிக்குப் பின்புறத்தில், முன்பு தேங்காய் எண்ணெய்ப் பீப்பாய்கள் அடுக்கியிருந்த பண்டகசாலையொன்றின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார். சனி ஞாயிறென்றால் அங்கேதான் சீவியம். பிரேக்கோ கியரோ, கழற்றுவதும் பூட்டுவதும் அவர் கைதான். தகரவேலைக்கு மட்டும் வெளியாள். சாமான் கிடைக்காவிட்டால் மாதக்கணக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பிலும் அவருக்கொரு சுகம்.

ஸமீமுக்கும் இதே பைத்தியம். வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடை, வீட்டு வாசலில் ஒரு பழைய பீற்றில் கார். மாதத்தில் முதல் ஞாயிறு காலை, பழைய கார்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் காலிமுகத்திடலில் கூடுவார்கள். வரிசையாக நிறுத்தி, மூடிகளைத் திறந்துவைத்து, பிளேன்டீ குடித்து, ஒருவர் மற்றவருடைய காரைப் பழித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த ஆட்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: கூடு ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். கூடு என்றால் காரின் உடம்பு. புத்தகம் என்றால் பதிவுப் புத்தகம். இலக்கம், சொந்தக்காரர் பெயர், அடிச்சட்டத் தகட்டின் எண், எஞ்சின் எண் எல்லாம் அதில் இருக்கும். புத்தகம் தொலைந்த கார் எவ்வளவு நல்ல காரானாலும் வீதியில் இறங்கேலாது. கார் அழிந்துபோனாலும் புத்தகத்துக்கு விலை இருக்கும். ஆகவே, கூடு உள்ளவன் புத்தகம் தேடுவான். கிடைத்தால் இலக்கத் தகட்டை அடித்துப் பூட்டி, முன்மூடியான பொனற்றுக்குள் இருக்கும் அந்தச் சின்னத் தகட்டையும் மாற்றி அறைந்துவிடுவான். சட்டப்படி குற்றம். ஆனால் அந்த வட்டாரத்தில் அதைக் களவென்று ஒருவரும் நினைப்பதில்லை. செத்த காருக்கு மறுபிறவி குடுக்கிறோம் என்றுதான் நினைப்பு. 'கூடு விட்டுக் கூடு பாயுறது' என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அவிசாவளையில் ஒரு பங்களாவின் மாட்டுக்கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனரைக் கண்டதும் கொன்ஸ்ரன்ரைன் ஒஸ்ரினைக் கண்ணை மூடிக்கொண்டு விற்றார். புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. சொந்தக்காரர் பிள்ளைகுட்டி இல்லாமல் செத்துப்போனார். மறுபிரதி எடுத்துத்தர உரித்துக்காரரும் இல்லை. ஐந்து வருடம் அந்தக் கூட்டைத் திருத்தினார். அடித்தட்டைப் புதிதாக அடிப்பித்தார். இளம்பச்சை பூசினார். எல்லாம் முடிந்தும் கார் பண்டகசாலைக்குள்ளேயே உறுமிக்கொண்டு நின்றது.

பிறகுதான் ஸமீம் ஒருநாள் ரெலிபோன் எடுத்தார். "மச்சான், பஞ்சிகாவத்தையில எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய சாமான் கடைக்காரன்ட மொறிஸ் புத்தகம் ஒண்டு ஈக்கிது. அதே மொடல். ஒன்ட கூட்டுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி."

இலக்கம் 3 ஸ்ரீ 4417. புத்தகத்தில் இருந்த பெயர் க. நவரத்தினம், வெள்ளவத்தை. மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. வாங்குகிறவரின் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நாட்டில் பாதிக் கார்கள் இப்படித்தான் கைமாறுகின்றன. கொன்ஸ்ரன்ரைனும் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார். தரகர் ஒருவரைப் பிடித்து வருட அனுமதிப்பத்திரமும் எடுத்தாயிற்று. கடைசியாக, ஒரு சனிக்கிழமை மத்தியானம், பொனற்றுக்குள் இருந்த பழைய தகட்டைக் கழற்றிப் புதிய எண் வெட்டிய தகட்டை வைத்து ஆணியறைந்தார். பக்கத்தில் ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் மெற்றில்டா.

"ஞானஸ்நானம் முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது."

"பேர்க்காரன் ஆரெண்டு தெரியாமலே பேரை வைச்சிட்டீங்க."

அவர் சிரித்தார். கார் வீதிக்கு வந்தது.

வந்த முதல் கிழமையே ஒரு சம்பவம். ஆமர் வீதிச் சந்தியில் லொத்தர் சீட்டு விற்கிற கிழவர் ஒருவர், கார் நின்றதும் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்டு, "அருளப்பு, எங்கடாப்பா இவ்வளவு காலமும்?" என்று கேட்டார். பிறகு முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டபடி பின்னுக்குப் போனவர், பச்சை விழுந்து கார் நகரும்வரை அந்த இலக்கத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வயதுபோன மனிதர், ஆள் மாறாட்டம் என்று கொன்ஸ்ரன்ரைன் எண்ணிக்கொண்டார்.

அடுத்தது கதவு. மட்டக்குளிப் பக்கம் திரும்பும் வளைவில் இடதுபுறப் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. பூட்டைத் திருத்தினார். திரும்பவும் திறந்தது. வேறு பூட்டு மாற்றினார். அதுவும் அந்த வளைவில்தான் திறந்தது. வேறெந்த வளைவிலும் இல்லை.

"எறங்கப் பார்க்கிறாங்களா, ஏறப் பார்க்கிறாங்களா எண்டு வடிவாப் பாரு மச்சான்" என்றார் ஸமீம்.

மற்றது அவர் யாருக்கும் சொல்லாதது. வாழ்நாள் முழுதும் சப்பாத்தோடோ செருப்போடோ கார் ஓட்டியவர், இந்தக் காருக்குள் ஏறினால் மட்டும் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டத் தொடங்கியிருந்தார். எப்போது தொடங்கினார், ஏன் தொடங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. மெற்றில்டா கேட்டபோதுதான் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போவது இருவருக்கும் பழக்கம். அப்படியொரு செவ்வாய். பூசை முடிந்து வெளியே வந்தபோது, காருக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். நாற்பதைத் தாண்டிய வயது, மருந்துக்கடைச் சீருடை, கையில் மெழுகுதிரி. உள்ளங்கையைப் பொனற்றின்மேல், காய்ச்சல் பார்ப்பதுபோல, வைத்திருந்தாள்.

"அங்கிள், இந்தக் கார் உங்கடையா?"

"ஓம் மகள். ஏன்?"

"எங்க எடுத்தனீங்கள்?"

"பஞ்சிகாவத்தையில, ஒரு ஆளிட்ட."

அந்தப் பதில் புத்தகத்துக்குச் சரி. காருக்குச் சரியில்லை. சொன்ன கணத்திலேயே அவருக்கு அது தெரியும். ஆனால் பிள்ளை ஏன் கேட்கிறாள் என்பது அப்போது தெரியாது.

"இது எங்கட அப்பா ஓட்டின கார்" என்றாள். "அப்ப சாம்பல் கலர். நீங்க பெயின்ற் மாத்திப்போட்டீங்க. நம்பர் அதேதான். எத்தினை ஆணைக்குழுவுக்கு இந்த நம்பரை எழுதிக் குடுத்திருப்பம், அங்கிள். நித்திரையில கேட்டாலும் சொல்லுவன்."

அவள் பெயர் றொசானா. மட்டக்குளி தொடர்மாடியில் தாயோடு இருக்கிறாள். தகப்பன் அருளப்பு. வெள்ளவத்தை நவரத்தினம் முதலாளியின் மொறிஸை ஹயருக்கு ஓட்டியவர். தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாதம், ஊருக்குப் போக நின்ற மூன்று பேரை வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் புறப்பட்டவர். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை திரும்பத் தொடங்கிய கிழமை அது. ஆளும் இல்லை, காரும் இல்லை, ஏறிய மூன்று பேரும் இல்லை. றொசானாவுக்கு அப்போது எட்டு வயது.

"கொஞ்ச நேரம் உள்ளுக்க இருக்கலாமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கதவைத் திறந்துவிட்டார். முன்சீற்றில், தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கக்கூடிய இடத்தில், அவள் இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடித்து நின்றது. றொசானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தச் சத்தம். இதே சத்தம்." பிறகு அவருடைய கால்களைப் பார்த்தாள். "அப்பாவும் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் ஓட்டுவார்."

கொன்ஸ்ரன்ரைன் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எல்லா மொறிஸ் மைனரும் அப்படித்தான் டிக் டிக் என்று அடிக்கும், எல்லாவற்றிலும் அதே வாசம்தான், உலகத்தில் பத்து லட்சத்துக்கு மேல் செய்து விட்டிருக்கிறார்கள் மகள் என்று சொல்ல வாயெடுத்தார். பின்சீற்றில் ஏறிய மெற்றில்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் றொசானா காருக்குப் பக்கத்தில் நிற்பாள். கால்மணி நேரம் உள்ளே இருப்பாள். கதைப்பாள். அப்பா வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு கையால் ஸ்ரியறிங் பிடிப்பாராம். பள்ளம் வந்தால் காரிடம் மன்னிப்புக் கேட்பாராம். மழைக்குள் நின்றுபோனால் அடிக்கமாட்டாராம், ஏசமாட்டாராம். பொனற்றில் கைவைத்துக்கொண்டு "எழும்பு ராசாத்தி" என்பாராம். கேட்கக் கேட்க, முகமறியாத அந்த மனிதன் கொன்ஸ்ரன்ரைனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்போல் ஆகிவிட்டான். பண்டகசாலையில் தனியாகக் குனிந்து நின்று வேலை செய்யும்போது, முதுகுக்குப் பின்னால் வெற்றிலை வாசம் வரும். திரும்பினால் எண்ணெய்க் கறை படிந்த சுவர்தான்.

புத்தகத்தைப் பார்க்கலாமா என்று அவள் ஒருநாள் கேட்டாள். "இன்சுறன்சில குடுத்திருக்கு" என்றார். விற்ற ஆளைப் பார்க்கலாமா என்றாள். "கடையை மூடீற்று ஆள் எங்கேயோ போயிற்றுது" என்றார். இரண்டும் பொய். புத்தகம் வீட்டு அலுமாரியில், மெற்றில்டாவின் கலியாணச் சேலைக்குக் கீழே இருந்தது. கடைக்காரன் பஞ்சிகாவத்தையில் உயிரோடு சாமான் விற்றுக்கொண்டிருந்தான்.

ஒக்ரோபர் கடைசியில் றொசானா புதுச் செய்தியோடு வந்தாள்.

தாய் யூஜினா இத்தனை வருடமும் கணவருக்காகச் செத்தவர் பூசை ஒப்புக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அவருடைய பிறந்தநாளுக்குக் கோவிலில் பூசைக் கருத்து எழுதிக் கொடுப்பார். உயிரோடு இருப்பவர்களின் பட்டியலில், சுகத்துக்காக. கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் பூவும் மெழுகுதிரியுமாகப் போக, அவர் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பார். மரண அத்தாட்சிப்பத்திரம் வாங்கச் சொன்ன உறவுக்காரரோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினார்.

"இப்ப அம்மா மாறீற்றா, அங்கிள். 'அவர் காரை விட்டிட்டு வாற ஆள் இல்லை. கார் தனிய வந்திட்டுதெண்டா ஆள் இல்லை' எண்டு சொல்லுறா. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு முதல்முதலா அவவே ஃபாதரிட்டப் போய்ச் செத்தவர் பட்டியல்ல அப்பாட பேரைக் குடுத்திட்டா. கறுப்புச் சேலையும் எடுத்திட்டம்." அவள் தயங்கினாள். "அண்டைக்குக் காரைக் கொண்டுவந்து கோவில் வாசல்ல நிப்பாட்டுவீங்களா? ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிறன் எண்டு சொன்னவர். எங்களுக்கெண்டு கல்லறை இல்லைத்தானே."

கொன்ஸ்ரன்ரைன் தலையை ஆட்டினார். ஓம் என்றா இல்லை என்றா என்று அவருக்கே தெரியாத ஆட்டம். றொசானா ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே ஸமீமின் கடைக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

"அவங்கள்ட்ட ஒண்டும் செல்லாதே" என்றார் ஸமீம், சட்டென்று. "மச்சான், ஒனக்குப் பைத்தியமா? அந்தக் கெழவி முப்பத்தஞ்சு வருசமா எரிஞ்சு இப்பத்தான் அணையப் போறா. நீ போய் ஊதிவிடப் போறியா? அது அவங்கட கார் இல்லேண்டா அவங்களுக்கு என்ன லாபம்? பொறவு பொலிஸ், கோடு, வழக்கு, எல்லாம் ஒன்ட தலையில. கார் போகும், நீயும் உள்ள போவாய்."

"அவ பிழையான சாட்சியை வைச்சு மனுசனைப் புதைக்கப் போறா, ஸமீம்."

"எல்லாரும் ஏதோ ஒண்ட வச்சுத்தான் பொதைக்கிறாங்க." ஸமீம் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தார். உடனே அதையே எடுத்துத் திரும்பவும் துடைக்கத் தொடங்கியதைக் கொன்ஸ்ரன்ரைன் தன்னைப் பற்றிய பயமென்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மெற்றில்டா நீளமாக ஒன்றும் கதைக்கவில்லை. "நான்தான் ரோர்ச் பிடிச்சனான். அந்தக் கார் வாசல்ல நிக்கிற பூசைக்கு நான் வரமாட்டன்" என்றார். சோறு போட்டார். போய்விட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, காலையில், கொன்ஸ்ரன்ரைன் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினார். காரை எடுக்கவில்லை. கையில் புத்தகம் இருந்தது.

மூன்றாம் மாடி. வெயில் விழுகிற கொடியில் புதுக் கறுப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. யூஜினா நாற்காலியில் இருந்தார். ஒல்லியான மனுசி, கழுத்தில் தாலிக்கொடி, காதில் சின்னத் தோடு. றொசானா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவர்தான் கார் அங்கிள்."

"இருங்க தம்பி" என்றார் யூஜினா. "உங்களுக்குக் கோடி புண்ணியம்."

அந்தச் சொல்லைக் கேட்டபின் இருக்க அவரால் முடியவில்லை. நின்றபடியே சொன்னார். கூடு அவிசாவளை, புத்தகம் பஞ்சிகாவத்தை, தகடு அறைந்தது தன் கை. உங்கட மனுசன்ர காரை நான் கண்ணாலையும் காணேல்லை அம்மா என்றார்.

றொசானா கொஞ்ச நேரம் விளங்காமல் நின்றாள். விளங்கியதும் கைப்பையைத் தரையில் போட்டாள்.

"அஞ்சு மாசம்! அஞ்சு மாசம் நான் உங்கட காருக்குள்ள இருந்து அழுதிருக்கிறன். நீங்க பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள். என்ன மனுசன் நீங்கள்? படம் பார்த்தனீங்களோ?"

அவர் குனிந்து, விழுந்த கைப்பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அந்தப் புத்தகத்தைத் தாங்க" என்றார் யூஜினா. குரல் மாறவில்லை.

கொடுத்தார். யூஜினா அதைத் திறக்கவில்லை. முதுகைத் தடவினார். பிய்ந்த இடத்தில் நீல நூலால் யாரோ தைத்திருந்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் நூறு முறை பார்த்தும் ஒரு பொருட்டாக எடுக்காத தையல் அது. யூஜினாவின் பெருவிரல் அந்தத் தையலில் ஒவ்வொரு முடிச்சாக நடந்தது.

"இது என்ர தையல்" என்றார். "றொசானான்ர பள்ளிக்கூட யூனிபோம் தைச்ச நூல். செக்பொயின்ற்றில புத்தகம் கேப்பாங்கள் எண்டு முதலாளி குடுத்துவிட்டவர். பிஞ்சிருந்தது. விடியக்காலம நான்தான் தைச்சு, பொலித்தீன் பையில சுத்தி, அவர்ட கையில குடுத்தனான். இது காரோட போன புத்தகம், தம்பி."

வெளியே ஒழுங்கையில் மீன்காரன் ஒருவன் கூவிக்கொண்டு போனான். றொசானா வந்து தாயின் தோளுக்கு மேலால் அந்தத் தையலைப் பார்த்தாள்.

யூஜினா மாற்றப் பத்திரத்தை விரித்தார். "நவரத்தினம் முதலாளி இங்கிலீசில கையெழுத்து வைக்கிறதில்லை. தமிழிலதான் வைப்பார். இது வேற ஆரோ." பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அவர்ட கையில இருந்த புத்தகத்தை ஆரோ எடுத்திருக்கிறான். ஆர் எடுத்தது?"

பொய்க் கார் என்று சொல்ல வந்த மனிதருக்கு, தன் வீட்டு அலுமாரியில் சேலைக்குக் கீழே கிடந்ததுதான் அந்த மனுசன் கையில் கடைசியாக இருந்த பொருள் என்று அப்போதுதான் உறைத்தது.

"கடைக்காரன் இருக்கிறான், அம்மா. மூடேல்லை. அதுவும் பொய்தான். நான் கூட்டிக்கொண்டு போறன்."

"றொசானா, ஃபாதருக்குக் கோல் எடு" என்றார் யூஜினா. "பட்டியல்ல இருந்து பேரை வெட்டச் சொல்லு. சேலையை மடிச்சு வை."

பஞ்சிகாவத்தைக் கடை, கடை என்பதைவிட ஒரு பொந்து. கியர்ப்பெட்டிகளும் கதவுகளும் சில்லுகளும் கூரைவரை. கடைக்காரர் சிங்களவர், நல்ல மனுசன்போலத்தான் இருந்தார். கொன்ஸ்ரன்ரைனைக் கண்டதும் சிரித்து, பிளேன்டீக்குச் சொல்லப் போனார். றொசானா புத்தகத்தை மேசையில் வைத்துச் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. தனக்கு ஒன்றும் தெரியாது மிஸ் என்றார். பழைய பேப்பர் எடுக்கிற ஒரு ஆள், வவுனியாப் பக்கமெல்லாம் போய்வருகிறவன், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்து போட்டது. கிலோக்கணக்கில் நிறுத்து எடுத்தேன். அந்த ஆளும் இப்போது உயிரோடு இல்லை.

"நிறுத்தா? ஒரு புத்தகத்தையா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே போனார். ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து அவிழ்த்தார்.

புத்தகங்கள். எலி கடித்தவை, நனைந்து காய்ந்தவை, மண் ஒட்டியவை. கார், வான், லொறி, இரண்டு ரக்ரர். சிலவற்றுக்குள் மடித்த காகிதங்கள், ஒன்றில் ஒரு பாடசாலைப் பிள்ளையின் கடவுச்சீட்டு அளவுப் படம். றொசானா நிலத்தில் குந்தினாள். ஒவ்வொன்றாக எடுத்து, தூசு தட்டி, முதல் பக்கத்தைத் திறந்து, கைபேசியால் படமெடுத்தாள். எடுக்கும்போது இலக்கத்தையும் பெயரையும் மெதுவாக வாசித்தாள். கோவிலில் கல்லறைத் திருநாளில் வாசிப்பார்களே, அந்த வேகத்தில். நாற்பத்தாறு. கொன்ஸ்ரன்ரைன் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டார். வாகனம் என்றால் எஞ்சினும் சில்லும் கூடும் என்று எண்ணியிருந்த மனிதர். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு சாரதி உண்டென்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"வேற வித்தனீங்களா?" என்று கேட்டாள் றொசானா.

கார்ப் புத்தகம் நாலைந்து போயிருக்கும் என்றார் கடைக்காரர். பெயரெல்லாம் எழுதிவைப்பதில்லை. பிறகு கொன்ஸ்ரன்ரைனைக் காட்டி, "இந்த மாத்தயாவின் ஆட்கள்தான்" என்றார். "காலிமுகத்திடல் ஆட்கள்."

வீதிக்கு வந்தபின் றொசானா அவருடைய முகத்தைப் பார்க்காமல் கதைத்தாள். "நாங்க திரும்பவும் முறைப்பாடு குடுப்பம். இந்தப் புத்தகத்தையும் குடுப்பம். உங்கட பேரும் வரும்."

"எழுதுங்க, மகள்."

"நாலைஞ்சு புத்தகம் ஆரிட்ட எண்டு நீங்கதான் கேக்கவேணும். நான் கேட்டா ஒருத்தரும் சொல்லமாட்டாங்கள்."

பின்னேரம் பண்டகசாலைக்குப் போய் இலக்கத் தகடுகள் இரண்டையும் கழற்றினார். பொனற்றுக்குள் அறைந்த சின்னத் தகட்டையும், ஆணிகளை உளியால் வெட்டி எடுத்தார். எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றி, மெற்றில்டாவின் கையில் கொடுத்து, மட்டக்குளிக்கு அனுப்பினார். பெயரில்லாத பச்சைக் கார் இருட்டுக்குள் நின்றது. சாவியைத் திருப்பிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த மாதத்து முதல் ஞாயிறும் கல்லறைத் திருநாளும் ஒரே நாளில் வந்தன. மெற்றில்டா பூசைக்குப் போனார். கொன்ஸ்ரன்ரைன் காலிமுகத்திடலுக்கு பஸ்ஸில் போய் இறங்கினார். கடற்காற்று. பன்னிரண்டு கார்கள் வரிசையாக நின்றன. மூடிகள் திறந்திருந்தன. வெயிலில் மெருகு கண்ணைக் கூசவைத்தது.

"என்ன கொன்ஸி, காலால வாறீர்? வண்டி படுத்திட்டுதோ?" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு.

அவர் வரிசையின் ஒரு தலைப்பிலிருந்து மெதுவாக நடந்தார். வழமையாகக் கறளைப் பார்ப்பார், பெயின்ற்றைப் பார்ப்பார், சக்கரத்தின் சாய்வைப் பார்ப்பார். இன்று இலக்கங்களை மட்டும் பார்த்தார். 1 ஸ்ரீ. 4 ஸ்ரீ. 5 ஸ்ரீ. ஒவ்வொரு ஸ்ரியறிங்குக்குப் பின்னாலும் யாரோ இருப்பதுபோலவும், தான் தாண்டும்போது அவர்கள் தலையைத் திருப்புவதுபோலவும் பட்டது. ஒவ்வொரு காருக்கும் முன்னால் கொஞ்சம் நின்று நின்று போனார்.

வரிசையின் கடைசியில் ஸமீமின் பீற்றில். பின்சீற்றில் பேரப்பிள்ளைகள் இரண்டு அமளிப்பட்டுக்கொண்டிருந்தன. ஸமீம் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நண்பர் வருவதைக் கண்டும் நிமிரவில்லை.

"ஸமீம். பஞ்சிகாவத்தை ஆளை உனக்கு எப்பிடித் தெரியும்?"

துணி ஓடிக்கொண்டே இருந்தது.

"இந்தப் பீற்றிலின்ர புத்தகம் எங்க எடுத்தது?"

"இண்டைக்குக் கேக்காதே மச்சான்" என்றார் ஸமீம். குரல் அடங்கியிருந்தது. "புள்ளையள் உள்ள ஈக்கிதுகள்."

"இறக்கு" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "நான் நிக்கிறன்."

ஸமீம் துணியை மடித்தார். நேரமெடுத்து, நாலாக, எட்டாக மடித்தார். பிறகு கதவைத் திறந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிப் புல்லில் விட்டார்.